மூன்று முறை தலையாட்டிய பஸ்

போன வாரம் உங்களில் ஒருத்தி எனக்கு ஒரு ஷாட் அனுப்பியிருந்தாள். கார் ஓடுகிறது, கேமரா கூடவே போகிறது, ஆனால் பார்த்தால் கார் நடுவில் நிற்பது போலவும் ஊர்தான் பின்னால் ஓடுவது போலவும் இருக்கிறது, என்ன செய்வது அக்கா என்று கேட்டிருந்தாள். பதில் இரண்டு வரிதான். கேமராவைக் காரோடு இறுக்கிக் கட்டாதே. கார் கிளம்பிக் கொஞ்சம் கழித்துக் கேமரா கிளம்பட்டும், கார் நின்று கொஞ்சம் கழித்துக் கேமரா நிற்கட்டும். இதைச் சொல்லித்தர நான் வேண்டாம். செல்போனைத் திறந்தால் ஆயிரம் பேர் சொல்லித்தருகிறார்கள். அவர்கள் சொல்லித்தராத ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

எனக்கு வழியனுப்பு விழா நடத்தி, சால்வை போர்த்தி, கேக் வெட்டி, உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள், புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்றீர்கள். இருபத்தெட்டு வருஷம் திரையை முறைத்துப் பார்த்து வலது கண் பாழாகி, கழுத்தில் பட்டை மாட்டிக்கொண்டு திண்டிவனத்தில் வீட்டோடு உட்கார்ந்திருப்பவளிடம் அனுபவம் கேட்டால் என்ன வரும்? இனிப்பாக ஒன்றும் வராது என்று முன்பே சொல்லிவிடுகிறேன். பிடிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

போன மாசம் சேர்ந்தவர்களும் படிப்பீர்கள் என்பதால் ஒரு சின்ன விளக்கம். கம்ப்யூட்டருக்குள் இருக்கிற கேமராவுக்குச் சொந்தமாகக் கண் கிடையாது. ஒரு பொருளின் பின்னால் போ என்றால் அதற்குப் புரியாது. அந்தப் பொருளின்மேல் ஒரு புள்ளியைப் பிடித்து, அது ஒவ்வொரு பிரேமிலும் எங்கே போகிறது என்று மென்பொருளைத் தேட வைத்து, அந்தப் புள்ளியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆணி அடித்து, கேமராவை அந்த ஆணியில் கட்டுகிறோம். பொருள் போகிற பக்கமெல்லாம் கேமரா போகும். பொருள் குதித்தால் கேமராவும் குதிக்கும். கேமராவும் சேர்ந்து குதிப்பதால் பொருள் குதித்தது பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. இந்தக் கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை படித்துக்கொள்ளுங்கள்.

நான் முதன்முதலில் இதில் சொதப்பியது ஒரு மனை விற்பனை விளம்பரத்தில். அப்போது விழுப்புரத்தில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஸ்டூடியோ இருந்தது. தினமும் திண்டிவனத்திலிருந்து காலையில் ரயில் பிடித்துப் போய் வருவேன். கூட்டேரிப்பட்டுப் பக்கம் மனை போட்டவர்கள் வந்தார்கள். மனை இருந்த இடத்தில் முள்ளும் கல்லும்தான் இருந்தன. ரோடு, பூங்கா, ஓடுகிற வெள்ளைக் கார் எல்லாமே கம்ப்யூட்டரில் நான் செய்தது. கேமராவைக் காரின் கூரையில் இறுக்கி ஆணி அடித்துவிட்டேன். மனைக்காரர் பார்த்தார். "என்னாங்க இது, வண்டி நின்னுக்கினு கீது, மனையெல்லாம் ஓடிப் போவுது" என்றார். அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

அப்போது சென்னையிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் எங்களுக்கு மேற்பார்வை பார்க்க ஒருவர் வருவார். பெயர் வேண்டாம். வடை தின்ற எண்ணெய் விரலைத் திரையில் வைத்து, கயித்த லூசுல வுடு என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். கேமராவைக் கொஞ்சம் பின்தங்க விட்டேன், கார் ஓட ஆரம்பித்தது. இவரைப் பற்றி நான் உருகி எழுதுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். அதே ஷாட்டைத் தன்னுடைய வேலை என்று போட்டுக்காட்டித்தான் அவர் அடுத்த கம்பெனிக்குப் போனார். சொல்லிக்கொடுத்ததும் நிஜம், திருடியதும் நிஜம். இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்குச் சிரித்தார்களே, அது எனக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துவிட்டது. அதற்கப்புறம் திரையில் எது குலுங்கினாலும் எனக்குக் கை அரிக்கும். மயிலம் பக்கம் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக் காரை நண்பன் ஒருத்தன் நல்ல போதையில் ஓட்டியிருக்கிறான், வண்டி குதித்துக் குதித்து வருகிறது. நான் உட்கார்ந்து அதை அப்படியே தண்ணீரில் மிதக்கிற மாதிரி ஆக்கிக் கொடுத்தேன். பெண்ணின் அப்பா ஸ்டூடியோவுக்கே வந்து கையெடுத்துக் கும்பிட்டார். விழுப்புரம் மாவட்டத்தில் ஆட்டத்தை எடுக்கணும் என்றால் ஸ்டெல்லாவிடம் போ என்கிற அளவுக்குப் பேர் வாங்கினேன். சுற்றுவட்டாரத்து ஸ்டூடியோக்காரர்கள் எல்லாம் தாங்கள் நடுங்கிய கையால் எடுத்ததைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்துச் சரிபண்ணிக்கொண்டு போவார்கள். தலையில் கொம்பு முளைத்துவிட்டது எனக்கு.

கொம்பு நன்றாக வளர்ந்திருந்த சமயத்தில்தான் அந்தப் பதினோரு செகண்டு வந்தது.

ஒரு கல்லூரி பஸ், நெடுஞ்சாலையில் ஒரு மொபெட்டை அடித்துவிட்டது. மொபெட்டில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை வைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தவர் அங்கேயே போய்விட்டார். பஸ்ஸில் பிள்ளைகள் யாரும் இல்லை, டிரைவர் மட்டும்தான். எதிரே இருந்த டயர் கடையின் கேமராவில் அது பதிவாகியிருந்தது. கல்லூரியின் மேனேஜர் அதை ஒரு பென் டிரைவில் போட்டுக்கொண்டு எங்கள் மாடிக்கு வந்தார். நிர்வாகம் விசாரணை வைத்திருக்கிறது, அதில் போட்டுக் காட்ட வேண்டும், கடையிலிருந்து எடுத்ததில் பஸ் தீப்பெட்டி சைஸில் தெரிகிறது, பெரிதாக, நடுவில், தெளிவாக வேண்டும் என்றார். போலீசுக்கும் இதையே கொடுக்கப் போவதாகச் சொன்னார். யார் மேல் தப்பு என்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

பஸ்ஸின் வலது ஹெட்லைட்டில் ஆணி அடித்தேன். கேமராவைக் கட்டினேன். பஸ் பெரிதாக, திரை நடுவில் வந்து உட்கார்ந்தது. ஆனால் ஒரு தொல்லை. பஸ் அசையாமல் இருக்க, அடியில் ரோடு மட்டும் மூன்று இடத்தில் எகிறிக் குதித்தது. மேனேஜர் முதல் பிரதியைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். ரோடு என்ன பூகம்பம் வந்த மாதிரி ஆடுகிறது, இதைப் போட்டால் சிரிப்பார்கள் என்றார்.

சிரிப்பார்கள் என்ற வார்த்தை போதும் எனக்கு. மென்பொருள் புள்ளியைப் பிடிக்கும்போது தடுமாறியிருக்கும், அதனால் வந்த உதறல், சரி பண்ணிவிடலாம் சார் என்றேன். பஸ்ஸைத் தனியாக வெட்டி எடுத்தேன். ரோட்டைத் தனியாக எடுத்து அதன் குதிப்பை நிரவினேன். மறுபடி பஸ்ஸை அதன்மேல் வைத்தேன். அன்று மத்தியானம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. முடித்தபோது பஸ்ஸும் ஆடவில்லை, ரோடும் ஆடவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை. மூலையில் சின்னதாக எங்கள் ஸ்டூடியோ பெயரையும் போட்டேன். மேனேஜர் என் கையைப் பிடிக்காத குறை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மென்பொருள் தடுமாறினால் உதறல் கண்டபடி வரும். இங்கே ஒன்று, அங்கே நாலு என்று வரும். நான் நிரவிய குதிப்பு அப்படி வரவில்லை. மூன்றே தடவை, ஒரே இடைவெளியில், ஒரே அளவில் வந்தது. அது என் கண்ணில் பட்டது. படவில்லை என்று சொன்னால் பொய். இது என்ன இவ்வளவு ஒழுங்காக வருகிறது என்று ஒரு நொடி நினைத்தேன், மேலே போய்விட்டேன். ஆடுகிறதைக் கண்டால் அழிப்பதுதான் என் வேலை, ஏன் ஆடுகிறது என்று கேட்பது என் வேலை இல்லை என்று அத்தனை வருஷமும் பழகியிருந்தேன். நீங்களும் அப்படித்தான் பழகிக்கொண்டிருக்கிறீர்கள். அழிக்கிறதுக்கு முன்னால் அது எதனுடைய ஆட்டம் என்று கேளுங்கள். உங்கள் மென்பொருளின் ஆட்டமா, கேமரா பிடித்தவன் கை ஆட்டமா, இல்லை அந்தப் பொருளே ஆடியதா? மூன்றாவது என்றால் கையை எடுத்துவிடுங்கள்.

ஒரு வாரம் போயிருக்கும். வியாழக்கிழமை காலை பத்தரை மணி. ரயில் தாமதம், நான் அப்போதுதான் வந்து கம்ப்யூட்டரைப் போட்டிருந்தேன். ஒருவர் செருப்பைக் கீழேயே படிக்கட்டில் கழற்றிவிட்டு மேலே வந்தார். ஐம்பது வயசு இருக்கும். துவைத்து மடிப்புக் கலையாத காக்கிச் சட்டை, கையில் ஒரு மஞ்சள் பை. இங்க ஸ்டெல்லா மேடம் யாருங்க என்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பெயர் ஏழுமலை என்றார், திருவெண்ணெய்நல்லூர் பக்கம் என்றார், அந்த பஸ்ஸை ஓட்டினது நான்தான் என்றார்.

படத்தின் மூலையில் இருந்த பெயரைப் பார்த்து விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். பெருமைக்காக நான் போட்ட பெயர். முதல் விசாரணையில் அந்த வீடியோவை லேப்டாப்பில் போட்டுக் காட்டினார்களாம். பிரேக்கே போடாமல் நேராகக் கொண்டுபோய் அடித்திருக்கிறாய் பார் என்றார்களாம். அன்றைக்கு மூன்று மணிக்கு இரண்டாவது விசாரணை, அதோடு முடிவு. வேலை போவது இருக்கட்டும், அதே வீடியோதான் கேசுக்கும் போகிறது என்றார். குரலை உயர்த்தாமல்தான் பேசினார்.

"பிரேக்கு ஒரு மாசமா சரியில்லீங்க மேடம். நோட்டுலயே எழுதி வெச்சிருக்கேன். பாதி புடிக்கும், வுட்ரும். அந்த மாதிரி வண்டிய வுட்டு வுட்டுத்தான் மிதிக்கணும். அந்த ஆளு குறுக்க வந்தப்ப மூணு வாட்டி மிதிச்சேன். மிதிக்கறப்பல்லாம் வண்டி மூஞ்சி கீழ குத்தி எழும்பும். அத்த மறைக்க முடியாது, பெரிய வண்டி. உங்க படத்துல வண்டி தலையே ஆட்டலீங்க."

மூன்று தடவை. ஒரே இடைவெளி. ரோடு குதிக்கவில்லை, பஸ்தான் குனிந்து எழுந்திருக்கிறது. நான் ஹெட்லைட்டில் ஆணி அடித்ததால் கேமராவும் கூடவே குனிந்து எழுந்திருக்கிறது. அதனால் பஸ் சும்மா இருப்பது போலவும் ரோடு எகிறுவது போலவும் தெரிந்திருக்கிறது. அந்த ரோட்டையும் நிரவி, அந்த மனுஷன் பிரேக்கை மிதித்ததற்கு இருந்த ஒரே சாட்சியைத் துடைத்து எடுத்தவள் நான். வேகம் குறைந்ததுகூட என் படத்தில் தெரியாது. பஸ் மெதுவானால் கேமராவும் மெதுவாகும், அடியில் ஓடுகிற ரோட்டையும்தான் நான் ஒரே சீராக நிரவிவிட்டேனே.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. கடைக் கேமராவில் பழையது அழிந்துவிட்டதாம், கடைக்காரர் கையை விரித்துவிட்டார். நிர்வாகத்திடம் கேட்டால், தெளிவான பிரதி இருக்கும்போது அது எதற்கு என்கிறார்களாம். உங்களிடம் கொடுத்த அந்த ஒரிஜினல் இருக்குமே, அதை மட்டும் ஒரு காப்பி போட்டுக் கொடுங்கள், நான் மூன்று மணிக்குள் கொண்டுபோய்க் காட்டிவிடுவேன் என்றார். ஒரிஜினல் எனக்குப் பின்னால் இருந்த கம்ப்யூட்டரில் இருந்தது. அவர் பையில் ஒரு புது பென் டிரைவ்கூட இருந்தது, உறை பிரிக்காமல்.

ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய் முதலாளிக்குப் போன் போட்டேன். நல்லவர் என்றோ கெட்டவர் என்றோ அவரைச் சொல்ல முடியாது, கடை நடத்துகிறவர். முழுக்கக் கேட்டார். வாடிக்கையாளர் கொடுத்த சரக்கை இன்னொருத்தருக்குக் கொடுத்தால் நாளைக்கு எவன் நம்பி வருவான் என்றார். அதோடு விட்டிருக்கலாம். அப்புறம், திண்டிவனம் பிராஞ்ச் விஷயமா சாயங்காலம் உன்னோட பேசலாம்னு இருந்தேன், இந்த நேரத்துல எதுக்கும்மா பேஜாரு என்றார்.

புரிந்ததா? திண்டிவனத்தில் கிளை திறக்கப் போகிறார்கள், நான் தலைமை. தினமும் ரயிலில் நசுங்க வேண்டாம். கண்ணாடிக் கதவு போட்ட தனி அறை. வாசலில் என் பெயர். பசிக்காகச் செய்தேன் என்று சொன்னால் நீங்கள் மன்னித்துவிடுவீர்கள், எனக்கும் சொல்வதற்கு வசதியாக இருக்கும். பசி இல்லை. என் வீட்டுக்காரருக்கு நிலையான வேலை இருந்தது, சொந்த வீடு இருந்தது, பிள்ளை படிப்பு முடிந்துவிட்டது. எனக்கு அந்த அறை வேண்டும், அவ்வளவுதான். இன்றைக்கு நீங்கள் உட்கார்ந்து வேலை பார்க்கிறீர்களே, அதே அறைதான்.

வெளியே வந்தேன். அவர் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். ஒரிஜினல் எங்ககிட்ட இல்லீங்க, மேனேஜர் பென் டிரைவை வாங்கிக்கினு போய்ட்டாரு, நாங்க எதையும் வெச்சிக்கறதில்ல என்றேன். சொல்லும்போது என் குரல் நன்றாகவே இருந்தது, எனக்கே ஆச்சரியம்.

அவர் என் முகத்தையே பார்த்தார். "இல்லனா பரவால்லீங்க. நீங்க பாத்திருப்பீங்க இல்ல, வண்டி தலைய ஆட்டனத? அத்த ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்தாக்கூட போதும்."

"நான் பஸ்ஸு ஓட்னது இல்லீங்க. எனக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்?"

இதுதான் நான் சொன்னது. இத்தனை வருஷத்தில் எவ்வளவோ பேரிடம் எவ்வளவோ மோசமாகப் பேசியிருக்கிறேன். அதெல்லாம் மறந்துவிட்டது, இந்த இரண்டு வரி மறக்கவில்லை. அவர் சரிங்க என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். படிக்கட்டில் செருப்பை மாட்டும் சத்தம் கேட்டது. அப்போதும் மணி பதினொன்றுதான். மூன்று மணி வரைக்கும் நான் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து ஓடியிருந்தால் பஸ் ஸ்டாண்டில் பிடித்திருக்கலாம். போன் பண்ணியிருக்கலாம். அவசரத்தில் தப்பான முடிவு எடுத்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு நாலு மணி நேரம் இருந்தது. ஒவ்வொரு நிமிஷமும் அதே முடிவைத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தேன்.

அவருக்கு வேலை போனது. கேசிலும் அந்த வீடியோதான் பேசியது. லைசென்ஸ் போனது, கொஞ்ச காலம் உள்ளேயும் இருந்துவிட்டு வந்தார் என்று கேள்விப்பட்டேன். பிரேக் சரியில்லை என்று அவர் எழுதி வைத்த நோட்டு கிடைக்கவே இல்லையாம். மேனேஜருக்கு என் படத்தில் எது காணாமல் போனது என்று தெரியுமா, தெரிந்துதான் ரோட்டைச் சரி பண்ணச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்து சொல்லியிருந்தால் நான் கொஞ்சம் தப்பித்துக்கொள்ளலாம். அதனாலேயே அதை நான் விசாரிக்கவில்லை.

எனக்கு அறை கிடைத்தது. கம்ப்யூட்டர் மாற்றும்போதெல்லாம் அந்தப் பதினோரு செகண்டையும் கூடவே மாற்றிக்கொண்டு வந்தேன். மனசாட்சி என்று பெரிய வார்த்தை சொல்ல மாட்டேன். அழிக்கப் பயம், வைத்திருக்கவும் பயம். இரண்டுக்கும் நடுவில் ஒன்பது வருஷம் போய்விட்டது. உங்கள் ஷாட்டுகளைப் பார்த்து ஆட்டத்தை எடு, ஆட்டத்தை எடு என்று உங்களைத் திட்டிக்கொண்டே அந்த ஒன்பது வருஷத்தை ஓட்டினேன்.

வேலையை விட்டு வந்த இரண்டாவது வாரம் கிளம்பினேன். இனி யாருக்கும் நான் பயப்பட வேண்டியதில்லை, வேலையில் இல்லாதவளுக்குத் தைரியம் சுலபமாக வருகிறது. ஒரிஜினலை என் போனில் ஏற்றிக்கொண்டு, விழுப்புரம் போய், அங்கிருந்து திருவெண்ணெய்நல்லூர் பஸ் ஏறி, விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தேன். கரும்பு வயலை ஒட்டிச் சின்ன வீடு. அவர் கரும்பு வெட்டுக்குப் போயிருந்தார், வருகிற நேரம்தான் என்றார் அவர் மனைவி அஞ்சலை. தண்ணீர் கொடுத்தார். நான் இன்னார் என்று சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன், அவருக்கு என் பெயரே தெரிந்திருக்கவில்லை.

நான் எதற்கு வந்தேன் என்று சொன்னதும் என் கையில் இருந்த போனைப் பார்த்தார். அப்புறம், "விசாரணையில காட்டன அந்தப் படம் அவுரு போன்லயே கீதும்மா. யாரோ வாட்ஸப்புல அனுப்பிச்சிட்டாங்க. அதையே பாத்துக்கினு இருப்பாரு. மொதல்ல எல்லாம் நான் மிதிச்சேன், நான் மிதிச்சேன்னு சொல்லிக்கினே இருந்தாரு. பாத்துப் பாத்து, அப்புறம் சொல்றத வுட்டுட்டாரு. இப்ப வருசா வருசம் அந்த மல்லாட்டக்காரரு வூட்டுக்குப் போறாரு. நான் பிரேக்கு போட்டிருந்தா உங்க வூட்டு ஆளு பொழச்சிருப்பாருன்னு சொல்லி அவுங்க கால்ல வுழுந்துட்டு வர்றாரு" என்றார்.

என்னால் அந்தத் தண்ணீரைக் குடிக்க முடியவில்லை. நான் ஒரு பதினோரு செகண்டு வீடியோவில் இருந்து மூன்று குதிப்பை மட்டும் அழித்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மனுஷனின் கால் பிரேக்கை மிதித்த ஞாபகத்தையே அது அழித்துவிட்டிருந்தது.

ஏழுமலை வந்தார். இளைத்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார், வாங்க மேடம் என்றார், கை கழுவிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். அன்றைக்கு உங்களிடம் பொய் சொன்னேன், ஒரிஜினல் அன்றைக்கும் என்னிடம் இருந்தது, இதோ என்று சொல்லிப் போனைக் கொடுத்தேன். வெயில் பட்டுத் திரை தெரியவில்லை, சட்டை நுனியால் மறைத்துக்கொண்டு பார்த்தார். தீப்பெட்டி சைஸ் பஸ் வருகிறது. மூஞ்சி குத்தி எழும்புகிறது. மறுபடி. மறுபடி. அப்புறம் அந்த மொபெட்.

இரண்டாவது தடவை போடச் சொன்னார். மூன்றாவது தடவை அவர் வலது கால் தரையில் அதே இடைவெளியில் மூன்று முறை அழுந்தியதைப் பார்த்தேன், அது அவருக்கே தெரிந்ததா என்று தெரியவில்லை. இதோ, இப்போது புரிந்துகொள்வார், என்னைச் செருப்பால் அடித்தாலும் அடிக்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

அவர் போனை இரண்டு கையாலும் என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"இதையும் நீங்களே செஞ்சீங்களா மேடம்?"

இல்லீங்க, இதுதான் நிஜம், அன்றைக்கு நீங்கள் பார்த்ததுதான் நான் செய்தது என்றேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். அஞ்சலையும் சொன்னார். ஏழுமலை ஒரு குழந்தையைச் சமாதானப்படுத்துகிற மாதிரி தலையை அசைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"பரவால்லீங்க. என் மனசு ஆறட்டும்னு இம்மாம் தூரம் செஞ்சி எடுத்துக்கினு வந்திருக்கீங்க. யாரு செய்வாங்க? ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்க மேடம். அச்சு அசலா நெஜம் மாதிரியே கீது."

என் வேலையை அவ்வளவு மனசாரப் பாராட்டியவர் இந்த இருபத்தெட்டு வருஷத்தில் வேறு யாரும் இல்லை.